உண்ணலும் உடுத்தலும்



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் வலக்கை என்று பேச்சு வழக்கில் சொல்வோர் குறைவு. சோத்தாங்கை என்பதே அங்கு வழங்கும் பெயர். சோறு உண்ணும் கை என்று பொருள். இடக்கைக்கு அங்கே வழங்கும் பெயரை வானொலியில் சொல்வது அழகன்று, உங்களுக்கே தெரியும். அந்தச் சோத்தாங்கை செயலற்றுப் போனவருக்கு என்ன நேர்கிறது, அவருக்கு உதவக்கூடிய மருத்துவத் துறையினர் யார், அவர்களை ஒரு நகரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பனவற்றை, எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய சிற்றூர் ஒன்றில் என் பெரியம்மா இருக்கிறார். இளமையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்கியவர். தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்பகுதி மக்கள் ஆபீஸ் என்றே சொல்வர். மழையை நம்பியிராமல் கூலி கொடுத்த இடத்துக்கு அவர்கள் செய்த மரியாதை போலும். இயந்திரம் வந்து அந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு அவர் காட்டு வேலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே வலப்பக்கம் தளர்ந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். காலத்தில் கொண்டுசென்றதால் உயிர் தப்பியது. இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்து, மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி முற்றம் வரை நடக்கவும் தொடங்கினார். ஊரார் வந்து பார்த்து, ‘நடந்துவிட்டாளே, இனி என்ன குறை’ என்று சொல்லிப் போனார்கள்.

குறை எதுவென்று வீட்டில் இருப்பவர்களுக்கே சில வாரம் தெரியவில்லை. பெரியம்மா பகல் உணவை நிறுத்திவிட்டார். இரவில் மட்டும், அதுவும் விளக்கைத் தணித்த பிறகு, மருமகள் ஊட்டிவிடச் சிறிது உண்பார். பசியில்லை என்பார். உடம்பு இளைத்தது. நோய் திரும்புகிறதோ என்று அஞ்சி மறுபடியும் பரிசோதனைகள் செய்தார்கள். நான் ஒருநாள் போயிருந்தபோது, தனியே இருக்கும் சமயம் பார்த்து என்னிடம் சொன்னார்: “சோத்தாங்கைய மடியில வச்சுக்கிட்டு அடுத்தவுக கையில வாங்கித் திங்கச் சொல்றியா? பீச்சாங்கையில திங்கச் சொல்றியா? ரெண்டுக்கும் பட்டினி கெடக்கலாம்யா.”

மருத்துவ நூல்களில் பக்கவாதத்தின் விளைவுகளைப் பற்றிப் பல பக்கங்கள் உண்டு. கால் விரைவில் ஓரளவு மீளும். கையும் விரல்களும் மெல்ல மீளும், சிலருக்கு முழுமையாக மீளா. இது பொது உண்மை. ஆனால் ஒரு கரிசல் காட்டுப் பெண்ணுக்கு வலக்கை போவதும், கரண்டியும் முள்ளும் கொண்டு உண்ணும் நாட்டில் ஒருவருக்கு வலக்கை போவதும் ஒரே இழப்பல்ல. அங்கே கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இங்கே அப்படிச் செய்தால் பந்தியில் உட்கார முடியாது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சிகிச்சை செய்பவர் யார் என்பதுதான் எங்களுக்கு எழுந்த கேள்வி.

மருத்துவர் ஒருவர் சீட்டில் ‘ஓ.டி.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனார்கள், மருத்துவமனையில் ஓ.டி. என்றால் அறுவைக்கூடம் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவருக்கு அதற்கு மிகைநேர வேலை என்ற ஒரே பொருள்தான் தெரியும். கடைசியில் அது ஆக்குபேஷனல் தெரபி என்று விளங்கியது. அதைத் தொழில்முறைச் சிகிச்சை என்று யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, உறவினர் ஒருவர், தொழில் தொடங்குவதற்கென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்கு அல்லவா போகவேண்டும் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இத்துறைக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. தொழில்வழிச் சிகிச்சை என்று ஒரு பலகையிலும், செயல்முறை மருத்துவம் என்று மற்றொன்றிலும் காண்கிறோம். தேடுபவன் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவான்? ஆனால் இலக்கணம் படிக்கும் உங்களுக்குத் ‘தொழில்’ என்னும் சொல்லின் பழைய பொருள் தெரிந்திருக்கும். உண்ணல், உடுத்தல், நடத்தல், நீராடல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்கிறோம். பிழைப்புக்காகச் செய்யும் வேலை என்ற குறுகிய பொருள் அங்கே இல்லை. செயல் எதுவாயினும் தொழில்தான். அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயர் மிகவும் பொருத்தமானது. உண்ணலையும் உடுத்தலையும் நோயாளிக்கு மீட்டுத் தருவது அதன் நோக்கம். அவற்றையே மருந்தாகக் கொடுப்பது அதன் வழி.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. காசநோயாலும் பின்னர் இடப்பக்கச் செயலிழப்பாலும் துன்புற்ற ஜார்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டார். நியூயார்க் மாநிலத்திலுள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அவர் வீட்டில் 1917-ஆம் ஆண்டு சிலர் கூடி இதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. கையும் காலும் இழந்து திரும்பிய வீரர்கள் அத்துறைக்கு வேலை கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு இதனைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். எலிசபெத் லண்டி என்ற பெயரோடு அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இந்நாட்டவரானவர். 1950-இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்திய சங்கம் அமைந்தது. அவ்வாண்டே உருவான உலகக் கூட்டமைப்பின் தொடக்க உறுப்பு நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் வேரூன்றிய இடம் வேலூர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிப்போனவர்களைக் கண்டார். முன்கையிலுள்ள நல்ல தசையின் நாணை எடுத்து விரலில் இணைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தினார். அறுவையோடு வேலை முடிந்துவிடவில்லை. மணிக்கட்டை அசைத்துப் பழகிய தசை, இனி விரலை அசைக்கவேண்டும் என்பதை நோயாளியின் மூளை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வீதியில் காத்திருந்தது. பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களுக்கு, விரல் நிமிர்ந்த பின் பிச்சை விழுவது குறைந்தது. ‘இந்தக் கை பிச்சைக்கு உதவாது’ என்ற பொருள்பட முறையிட்டவர்களும் உண்டு. கையைச் செப்பம் செய்து கொடுத்தால் போதாது, அக்கை செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும் என்று கண்டு, நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். அங்கே அவர்கள் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் பழகினார்கள். உணர்ச்சியற்ற விரல் உளியில் நசுங்கினாலும் தெரியாதாகையால், கருவியின் கைப்பிடியை எப்படி அமைப்பது, எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதெல்லாம் அங்கே பாடமாயின.

அவரிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். கையறுவை உட்கார்ந்து செய்யத்தக்கது என்பதால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார்.

இனி எங்கள் தேடலுக்கு வருகிறேன். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி 60 கிலோமீட்டருக்குள். மதுரை ஏறத்தாழ 100. இயன்முறை மருத்துவர் கிடைப்பது இன்று அரிதன்று. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் அப்படியல்லர். பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, விடுமுறை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முதலில் போன இடத்தில் பலகையில் ஓ.டி. என்று அழகாக எழுதியிருந்தது. உள்ளே மின்சாரம் பாய்ச்சும் பெட்டியும் மசாஜ் செய்யும் கருவியும் இருந்தன. ஆறு வாரம் போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கருவி கையில் வைக்கப்பட்டது. ஒருமுறையாவது, வீட்டில் எப்படி உண்கிறீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. அங்கிருந்தவர் இத்துறையில் பட்டம் பெற்றவரல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் போனதைவிட, இனி எதுவும் பயனில்லை என்று பெரியம்மா முடிவு கட்டியதுதான் பெரிய நட்டம்.

ஆகவே, நண்பர்களே, உங்கள் வீட்டில் இப்படியொரு தேவை வந்தால், பலகையைப் பார்த்து உள்ளே போகாதீர்கள். பி.ஓ.டி. என்ற பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பது அவமரியாதையாகாது. அகில இந்திய சங்கம் பதிவேடு வைத்திருக்கிறது. துணைமருத்துவத் துறையினருக்கென 2021-இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம் இத்துறையையும் உள்ளடக்கியது. பெரிய மருத்துவமனையானால் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். எலும்பு மருத்துவப் பிரிவின் வாசலில் காத்திருந்து பயனில்லை. குழந்தைக்கு என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஏற்பட்ட மையங்கள் இவை; கட்டணமில்லை. பல குறைபாடுகள் ஒருங்கே உடையவர்களுக்கென மத்திய அரசு 2005-இல் நிறுவிய நிலையம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கிறது.

எங்களுக்கு வழி கிடைத்ததும் குழந்தைகளிடமிருந்துதான். பக்கத்துத் தெருவில் மூளை முடக்குவாதமுள்ள ஒரு சிறுவன். அவன் தாய், தன் மகன் போகும் நகரத்துச் சிகிச்சை நிலையத்தைச் சொன்னார். இன்று இத்துறையினரில் பலர் குழந்தைகளுக்கே சிகிச்சை செய்கிறார்கள். அங்கிருந்த இளம் பெண்ணும், “நான் பெரியவர்களைப் பார்த்து வெகுநாளாயிற்று, ஆனாலும் அழைத்து வாருங்கள்” என்றார். குட்டை நாற்காலிகளும் வண்ணப் பந்துகளும் நிறைந்த அறையில் பெரியம்மா கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

அந்தப் பெண் கையைத் தொடவே இல்லை. “பாட்டி, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். பிறகு என்ன, அதற்குப் பிறகு என்ன என்று பொழுது சாயும்வரை உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறுதியில், “இவற்றில் எது முதலில் திரும்ப வேண்டும்?” என்றார். பெரியம்மா தயங்கவில்லை. “எங் கையால சோறு திங்கணும் தாயீ. அப்புறம் பேத்திக்குச் சடை பின்னணும்.”

அதன்பின் நடந்தவற்றில் வியப்புக்குரியது எதுவுமில்லை. எல்லாம் சிறு சிறு யுக்திகள். வலக்கை விரல்கள் முழுவதும் செயலற்றுப் போகவில்லை. நெல்மணியைப் பொறுக்கும் நுண்பிடி இல்லையே தவிர, தடித்த பொருளை இறுக்கும் வன்பிடி சிறிது எஞ்சியிருந்தது. பல மாதமாகப் பயன்படுத்தாமல் மடியிலேயே வைத்திருந்ததால் அதுவும் மறக்கத் தொடங்கியிருந்தது. மூளை, பயன்படுத்தப்படும் உறுப்புக்கே இடம் ஒதுக்கும். பயனுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது பழைய பாதைக்குப் பதிலாகப் புதுப்பாதை அமைகிறது. வெறுமனே பந்தை அமுக்குவதைவிட, உண்மையான உணவை உண்மையான வாய்க்குக் கொண்டுபோவது சிறந்த பயிற்சி. எனவே கரண்டியின் காம்பில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினார். ஊருக்கு வந்ததும் எங்கள் ஆசாரி கருவேலங் கட்டையில் அதைவிட நல்ல காம்பொன்று கடைந்து கொடுத்தார்.

தட்டைப் பற்றி ஒரு சுவையான செய்தி. கரண்டி உணவை ஏந்துவதற்கு எதிரே ஒரு சுவர் வேண்டும். அதற்கென விளிம்பு உயர்ந்த தட்டுகள் விலைக்கு விற்கின்றன. அந்தப் பெண் அதன் படத்தைக் காட்டியதும் பெரியம்மா, “இது நம்ம கும்பால்ல!” என்றார். கரிசல் வீடுகளில் கஞ்சி குடிக்கும் கும்பாவின் பக்கச்சுவர் செங்குத்தாக நிற்பது. பரண்மேல் கிடந்ததை இறக்கிக் கழுவினார்கள். அடியில் ஈரத்துணி விரித்ததும் நழுவாமல் நின்றது.

உடுத்தல் இன்னும் கடினமாயிருந்தது. ரவிக்கையில் தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்ற எளிய முறையைக் கூட எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. நாங்கள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறோம். தோள்மூட்டு அதனால்தான் வலித்தது என்று அறிந்தபோது வெட்கமாயிருந்தது. சேலையில் கொசுவத்தை முன்பே தைத்து நாடா வைத்துக் கொடுத்தார்கள். காய் நறுக்க, அரிவாள்மனையை ஒருகையால் கையாள வேண்டாம் என்று தடுத்து, இரண்டு ஆணி அடித்த பலகையைக் காட்டினார். ஆணியில் கத்தரிக்காயைக் குத்தி வைத்தால் அது நகராது. ஒரு கை போதும்.

ஒன்றில் மட்டும் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தோம். வழவழப்பான தரையில் நன்றாக நடந்தவர் ஊரில் ஏன் தடுமாறுகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. கரிசல் மண் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பு வெடிப்பில் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் அதே மண் கம்பைப் பிடித்துக்கொண்டு விடாது. இதைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினோம். டயர்ச் செருப்பின் அடியை வட்டமாக வெட்டிக் கம்பின் நுனியில் ஆணியடித்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்க, அப்படியே செய்தோம். வெயில் காலத்துக்கு உதவியது. மழைக்கு உதவவில்லை, மழையில் அங்கே யாருக்குமே நடக்க முடியாது.

உங்களில் சிலர் மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயில்பவர்களாயிருக்கலாம். மருத்துவப் பட்டம் ஒன்றையே குறியாகக் கொண்டு, அது தவறினால் மனமுடைந்து போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் சேரக்கூடிய இந்தப் படிப்பு உட்பயிற்சியையும் உள்ளடக்கியது. வேலூரிலும் சென்னையிலும் காட்டாங்குளத்தூரிலும் கோயம்புத்தூரிலும் முட்டுக்காட்டிலும் இருக்கிறது. கும்பா என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் கோவில்பட்டியிலேயே இத்துறையில் அமர்ந்தால், எத்தனையோ பேருக்கு 100 கிலோமீட்டர்ப் பயணம் மிச்சமாகும்.

ஐந்தாவது மாதம் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்று வந்தது. பெரியம்மா மடியில் முடிந்து வைத்திருந்த கருவேலங் காம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு, முதல் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்தார். இலைக்கு விளிம்பு இல்லாததால் சோறு ஓடியது. பக்கத்திலிருந்த அத்தை அப்பளத்தை எடுத்து அணையாக வைத்தார். பாதிதான் உண்டார். யாரும் ஊட்டவில்லை.

சடை இன்னும் பின்ன வரவில்லை. நுண்பிடி மீள்வது ஐயமே என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆயினும் பட்டியலில் அந்த வரியை அவர் அடிக்கவில்லை. ஒருகையாலும் பற்களாலும் நாடாவை இறுக்கிப் பின்னும் முறை ஒன்று உண்டாம். “அடுத்த தடவை பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் பாட்டி, அந்தத் தலையிலேயே பழகுவோம்” என்றிருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் பாட்டியும் பேத்தியும் போகிறார்கள்.